இல்லாத மஞ்சள் பூச்சி

பயிர் தின்னும் பூச்சிகளை ஆராயும் கவர்மெண்ட் பூச்சி ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் இளவட்டங்கள் மூன்று பேர் போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீடு தேடி வந்தார்கள். ஆபீஸ் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "ஐயா முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவரு. பழைய கதைய கொஞ்சம் தமாஷா எழுதுங்க" என்றான் ஒருவன். என் முகத்தைப் பார்த்தும் தமாஷ் கேட்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அவர்களுக்கு என் முப்பது வருஷம் தேவையில்லை. மஞ்சள் பூச்சியின் கதைதான் வேண்டும். லண்டனிலிருந்து அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லித்தான் சிரிப்பு. நம் ஆபீஸ் துரை ஒருவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்து, பதினைந்து வருஷமாகப் புத்தகத்தில் இருந்த ஒரு பூச்சி, உலகத்தில் எங்குமே கிடையாது என்று அங்கே ஒரு பெரியவர் எழுதிவிட்டார். "எப்படிங்க ஐயா ஒரு தொரைக்கு இப்படிக் கண்ணு தெரியாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டு மூவரும் என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார்கள்.

கண் நன்றாகத் தெரிந்த ஒருவனும் அதே அறையில் இருந்தான். அவனைப் பற்றி இவர்களுக்கு விசாரிக்கத் தோன்றவில்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட விதத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் கொல்லு வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், விரல் நடுங்காது. அதை வைத்து மாதா கோயில் சுவாமியார் ஒரு கடிதம் கொடுத்தார், சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் முழுக்க இறக்கைகளை ஒடித்தேன். இரண்டாம் வருஷம் கொஞ்சமாக ஒடித்தேன். மூன்றாம் வருஷம் 'செட்டர்' என்று பதவி கொடுத்தார்கள். செத்த பூச்சியை அது உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட அழகாக நிறுத்தி வைப்பவனுக்கு அந்தப் பெயர்.

இப்போது உள்ளவர்கள் இந்த வேலையைக் கேவலமாக நினைக்கிறார்கள். பூதக்கண்ணாடி இயந்திரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் வேலை என்று எண்ணம். அவர்கள் செட் பண்ணிய தட்டு ஒன்றைப் பார்த்தேன். பூச்சிகள் ரயில் மோதி விழுந்தவை மாதிரி கிடந்தன. ஆகவே முறையைச் சொல்லி வைக்கிறேன், படித்தால் படிக்கட்டும்.

பூச்சியை சயனைடு புட்டியில் போட்டு, அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் நெஞ்சின் நடுவில் ஊசி. தக்கைப் பலகையின் பள்ளத்தில் உடம்பை இறக்கி, மெல்லிய ஊசி முனையால் இறக்கையை நரம்பில் பிடித்து இழுக்க வேண்டும், செதிலில் பட்டால் தொலைந்தது. முன் இறக்கையின் பின்விளிம்பு உடம்புக்கு நேர் குறுக்காக வந்ததும் காகிதப் பட்டியால் அமுக்கி, இரண்டு வாரம் காய விட வேண்டும்.

வெளியூரில் பிடித்து, கொண்டு வருவதற்குள் விறைத்துப்போன பூச்சியை அப்படி இழுத்தால் ஒடிந்துவிடும். அதற்குத்தான் ஈரப் பெட்டி. பிஸ்கட் தகரம் ஒன்றில் கழுவிய மணல், மணலில் தண்ணீர், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க நாலு சொட்டு கார்பாலிக், மேலே மை ஒற்றும் தாள், தாளின் மேல் பூச்சி. மூடி வைத்தால் மறுநாள் மெத்தென்று இளகியிருக்கும். ஆனால் பச்சை நிறப் பூச்சி மட்டும் அதில் அரை நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் பாக் டின், ஓய்வு பெற்றுப் போகிற அன்று எனக்குச் சொன்ன ஒரே புத்தி அதுதான்: "ஹிஜாவ் ஜாங்ஙான் லாமா." பச்சையை ரொம்ப நேரம் விட்டு வைக்காதே. விட்டால் பச்சை ஓடிப்போய் மஞ்சளாகிவிடும்.

இனி பூச்சிக்கு வருகிறேன். பராசா என்று ஒரு ஜீனஸ். ஜீனஸ் என்பது நமக்குப் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் வருகிற மாதிரி. அதற்குள் ஆளாளுக்கு இருக்கும் சொந்தப் பெயர்தான் ஸ்பீஷீஸ். பராசா வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன் இறக்கை பச்சை, ஓரம் பழுப்பு. ஓரத்துப் பழுப்பு அகலமாக இருந்தால் ஒரு பெயர், ஒடுக்கமாக இருந்தால் இன்னொரு பெயர், தோள்பட்டையில் பழுப்புத் திட்டு இருந்தால் மூன்றாவது பெயர். நகக்கண் அளவு வித்தியாசத்துக்குக் கடல் கடந்து கடிதப் போர் நடத்துவார்கள். புழுவாக இருக்கும்போது பச்சை உடம்பில் நீலக் கோடு, இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக முள். தென்னை ஓலையைத் தின்று ஈர்க்கை மட்டும் மிச்சம் வைக்கும். தொட்டால் கை தீயில் வைத்த மாதிரி எரியும். தோட்டத்துச் சனங்கள் உலாட் பூலு என்று மலாயிலும் எரிபுழு என்று தமிழிலும் சொல்வார்கள். அகல ஓரம், ஒடுக்க ஓரம் என்று அவர்கள் பிரிப்பதில்லை. எரிந்தால் எரிபுழு.

தின்று முடித்த புழு மரத்தின் அடியில் இறங்கி, சுண்டைக்காய் அளவில் கெட்டியான கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரத்தில் பூச்சி வெளியே வரும்.

என் மேலதிகாரி பார்ஃபிட் துரை. வெயில் ஏறி ஒன்பதரைக்கு வருவார். தொப்பியைக் கழற்றி மாட்டுவார், கையைக் கழுவுவார், துண்டுக்குக் கையை நீட்டுவார். அந்தத் துண்டை நான் வைத்திருக்க வேண்டும். பிறகு லென்ஸை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுகளைப் பார்ப்பார். "ம்" என்றால் சரி. "ம்... ம்" என்றால் இறக்கை கோணல். புழுவைக் கையால் தொட்டவரல்ல, தொட்டவனைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

என் பெயர் சவரிமுத்து. துரைக்கு அது நாக்கில் வரவில்லை, வரவழைக்க முயன்றதாகவும் தெரியவில்லை. முதல் நாளே "ராமசாமி" என்றார். அன்றிலிருந்து ஆபீஸில் நான் ராமசாமிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற ராமசாமி.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. புது ஸ்பீஷீஸ் ஒன்றுக்குப் பெயர் வைத்தால், புத்தகத்தில் பூச்சியின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரும் போடுவார்கள். பிடித்தவன் பெயர் வராது. ஊசி குத்தியவன் பெயர் வராது. லேபிளில்கூட ஊர், தேதி, மரம், துரை பெயர், அவ்வளவுதான். அந்த லேபிள்களை எல்லாம் என் கையெழுத்தில் எழுதியவன் நான்.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிய தென்னை மட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலேறி ஆபீஸுக்கு வந்தார். பெயர் சுப்பையா. மாட்டு வண்டி ஓட்டியவர். காப்பார் சாலையில் ஒரு பெரிய வெள்ளைக்காரத் தென்னந்தோட்டத்தின் வேலிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் எடுத்து, அவரும் மனைவி பொன்னியும் தண்ணீர் சுமந்து ஊற்றி அறுபது மரம் வளர்த்திருந்தார்கள். அப்போதுதான் குலை தள்ள ஆரம்பித்திருந்தது. அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. புழு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று பேசாமல் இருந்திருந்தால் மரமாவது மிஞ்சியிருக்கும். கவர்மெண்டை நம்பி வந்தார்.

"தம்பி, இந்தப் புழு மட்டைய மொட்டையாக்குது. தொரை ஆபீஸ்ல மருந்து சொல்வாங்கன்னு கோயில்ல சொன்னாங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். அவருடைய முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது.

துரை கிள்ளானுக்குப் புறப்பட்டார், துண்டோடு நானும். தோட்டத்தில் துரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுப்பையா மரமேறி ஓலையின் அடியில் அசையாமல் ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் புட்டியில் பிடித்துத் தந்தார். ஆறு பூச்சி. ஆறும் பச்சை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

வழக்கமான நோய்க்கு வழக்கமான மருந்துதான். மரத்தடியில் கூடுகளைச் சுரண்டி எடுத்து அழிக்க வேண்டும், எட்டுகிற மட்டையில் புழுவைப் பொறுக்க வேண்டும், மிச்சத்தை, புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள் பார்த்துக்கொள்ளும். அதைச் சுப்பையாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறினோம்.

அன்று வெள்ளிக்கிழமை. நாலு பூச்சிகளைச் சாயங்காலத்துக்குள் செட் பண்ணிவிட்டேன். இரண்டு விறைத்துப்போயிருந்தன. ஈரப் பெட்டியில் போட்டேன். சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக அவற்றை எடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை எங்கள் கோயில் திருவிழாவுக்குத் தேர் சோடிக்கும் பொறுப்பு எனக்கு. ஆபீஸில் உடம்பு இருந்ததே தவிர மனசு இல்லை. பன்னிரண்டு மணி அடித்ததும் ஓடிவிட்டேன். ஞாயிறு தேர். திங்கட்கிழமை காலையில் தகரத்தைத் திறந்தேன். இரண்டும் பழுத்த பலாச்சுளை நிறத்தில் கிடந்தன.

அப்போதே குப்பையில் போட்டிருக்கலாம். பூச்சி ஆறு என்று துரைக்குத் தெரியும், இரண்டைக் காணோம் என்றால் கேட்பார். பதினைந்து வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்த எனக்கு அந்த வருஷம் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பயம் ஒரு பக்கம், கர்வம் ஒரு பக்கம். இறக்கை ஒன்றுகூட ஒடியவில்லை, மஞ்சளாக இருந்தால் என்ன என்று, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக நான் செட் பண்ணியதில்லை, அப்படிச் செட் பண்ணி நாலு பச்சைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். லென்ஸில் பார்த்தபோது, பின் இறக்கையை முன் இறக்கை மூடியிருந்த மடிப்பு ஓரத்தில் நூலளவு பச்சை மிச்சமிருந்தது தெரிந்தது. அதையும் பார்த்தேன்.

துரை தட்டைப் பார்த்தார். "ம்" வரவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று ஆண், ஒன்று பெண். கடவுளே ஜோடி சேர்த்து அனுப்பியது போலிருந்தது அவருக்கு.

"எனக்கு ஞாபகமிருக்கிறது, ராமசாமி. மரத்திலேயே இந்த இரண்டும் வித்தியாசமாக இருந்தன" என்றார். குடைக்கு வெளியே தலையை நீட்டாத மனுஷர், மரத்தில் பார்த்தாராம். "நீயும் கவனித்தாய் அல்லவா?"

"எஸ், சார்" என்றேன்.

இளவட்டங்கள் கேட்கிற கதை அந்த இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் வால்.

அந்த வாரமே துரை பூச்சிக்குப் பெயர் வைத்துவிட்டார். ஆபீஸின் பெரிய தலைவருடைய மனைவியின் பெயர். அந்த அம்மாள் ஒரு பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர். அவர் பெயரில் ஒரு பராசா. தேநீர் விருந்தில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள் என்று அங்கே பரிமாறியவன் வந்து சொன்னான்.

பெயர் வைத்ததோடு நின்றிருந்தால் என்னைப் போல நாலு பேர் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் புதுப் பூச்சி என்றால் புதுச் சட்டம். வழக்கமான பூச்சிக்குக் கூடு சுரண்டினால் போதும். எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகமாகப் பரவும் என்று யாருக்கும் தெரியாத பூச்சிக்கு, அது இருக்கும் மரங்களை அடியோடு வெட்டி எரிக்க வேண்டும். பெரிய தோட்டத்து மேனேஜர் செய்தி கேட்டதும் அலறிக்கொண்டு வந்தார். தன் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஓலை எரியக் கூடாது, அந்தப் பக்கம் ஒரு மரம் நிற்கக் கூடாது. சுப்பையாவுக்கு ஒரு மாதக் கெடு வைத்து நோட்டீஸ் போனது. அதையும் நான்தான் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாளே சுப்பையா என் வீட்டுக்கு வந்துவிட்டார். நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் படித்துச் சொன்னேன்.

"அறுபதுமா?" என்றார்.

"அறுபதும்தான், அண்ணே."

"நீங்க சொன்ன மாதிரி கூடெல்லாம் சொரண்டிக்கிட்டுத்தான இருக்கேன். இப்ப பாதி கொறைஞ்சிருச்சு. வந்து பாக்கச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா தொரை கேப்பாருல்ல?"

அவர் போன பிறகு, அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மரியம்மா வெளியே வந்தாள். அவளிடம் மட்டும் தகரப் பெட்டி விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "நாளைக்கே போயி சொல்லிருங்க. வேலை போனாப் போவுது" என்றாள்.

நான் படித்தவன் ஆயிற்றே. வெறும் வாயால் சொன்னால் துரை நம்புவாரா, ஆதாரம் வேண்டாமா என்றேன். சுப்பையாவின் மரங்களிலிருந்து கூடுகளைக் கொண்டு வந்து, கண்ணாடிக் குடுவையில் வைத்து, துணி கட்டி, பூச்சி வெளியே வரட்டும், வந்ததும் காட்டுகிறேன் என்றேன். அதற்கு மூன்று வாரம். முறையான வேலை, குற்றம் சொல்ல முடியாது. இன்று யோசித்தால் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது. ஆதாரம் என் வாயில் இருந்தது. தகரத்தில் மூன்று நாள் கிடந்தது சார் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைத் தள்ளிப்போடத்தான் மூன்று வாரம் கூடு வளர்த்தேன்.

இடையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சுவாமியாரிடம் சொன்னேன். பூச்சியின் நிறத்தைக் கெடுத்துவிட்டேன், மேலதிகாரியிடம் மறைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் ஐரோப்பாக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும், பொறுமை தெரியாது. "பூச்சியைக் கொல்வது பாவமில்லை மகனே. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்" என்றார். பின்னால் வரிசையில் நிறையப் பேர். மரங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஆசீர்வதித்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, மரத்தைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். மூன்று மந்திரமும் சொல்லிவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போனேன், அதுதான் வெட்கக்கேடு.

இரண்டாவது வாரம் சீமைக்குக் கப்பல் தபால் புறப்படும் நாள். ஆண் மஞ்சள் பூச்சியும் துரையின் கட்டுரையும் லண்டனுக்குப் போக வேண்டும். கட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார். சின்ன மரப் பெட்டியில் தக்கை ஒட்டி, ஊசியை ஆழமாகக் குத்தி, உடம்பு ஆடாமல் இரண்டு பக்கமும் துணை ஊசி வைத்தேன். அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்தேன். அரக்கு வைத்தேன். கப்பல் ஆடினாலும் அந்தப் பூச்சியின் கொம்பு ஒடியாது. "வெரி நைஸ், ராமசாமி" என்றார் துரை. அந்தக் கட்டு போகும்வரை அவர் கட்டுரையைக் கிழித்துப் போட்டிருக்க முடியும். ஒரு ஆளுக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகு முடியாது. இது எனக்கு அப்போதே தெரியும்.

கூடுகள் திறந்தன. இருபதுக்கு மேல் பூச்சி வந்தது, எல்லாம் பச்சை. அதில் ஒன்றை விறைக்க விட்டு, ஈரப் பெட்டியில் மூன்று நாள் வைத்தேன். பலாச்சுளை வந்தது. பச்சையையும் மஞ்சளையும் ஒரே பலகையில் குத்தி, துரையின் மேஜையில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

துரை லென்ஸ் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது. பிறகு கேட்டார்.

"இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும், ராமசாமி?"

"முதல் நாளிலிருந்து, சார்."

"முதல் நாளிலிருந்து. நான் கேட்டபோது நீ எஸ் சொன்னாய்."

"எஸ், சார்."

"அப்படியானால் இனிமேலும் அது உனக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும்." மஞ்சள் பூச்சியை ஊசியோடு பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். "அந்தத் தகரத்தை நன்றாகக் கழுவி வை. அழுக்காக இருக்கிறது."

ஆளைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசவில்லை, நிறையவே சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்கில் அவரை விட நான் மூன்று வாரம் மூத்தவன். அவருக்கு மேலே போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மேலே இருந்தவரின் மனைவி பெயரில்தான் பூச்சி இருந்தது. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மரம் வெட்டும்போது கவர்மெண்ட் ஆள் ஒருவர் நின்று பார்த்து, முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். யாரை அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வெட்டுகிறவர்கள் கோடாலியோடு இறங்கியபோது சுப்பையா தடுத்தார். "மொதல் மரத்த நானே வெட்டுறேன். வச்சவன் நான்" என்றார். மத்தியானத்துக்குள் அறுபதும் சாய்ந்தன. காய் பிஞ்சாகச் சிதறிக் கிடந்தது. தென்னை விழுந்தால் கொண்டையில் இளங்குருத்து கிடைக்கும், கறி வைத்தால் நன்றாக இருக்கும். அக்கம்பக்கத்தார் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பொன்னி வாழையிலையில் சுற்றி ஒரு குருத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். "அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வெறுங்கையோட போகாதீங்க தம்பி. வீட்டுல குடுங்க."

வாங்கிக்கொண்டேன். வாங்குவதில் எனக்கு எப்போதும் குறைவில்லை.

வெட்டியதைப் போல எரிப்பது சுலபமாக இல்லை. பச்சை மரம், போதாததற்கு மழை. கட்டைகள் அப்படியே கிடந்தன. கட்டைகளின் அடியில் சுரண்டாத கூடுகள் இருந்தன. இரண்டு வாரத்தில் அவற்றிலிருந்து பூச்சி கிளம்பி, முட்டையிட ஓலை இல்லாததால் நேராக வேலியைத் தாண்டிப் பெரிய தோட்டத்துக்குப் போய்விட்டது. நின்ற மரத்தில் இருந்திருந்தால் சுப்பையாவே பொறுக்கி முடித்திருப்பார். மேனேஜர் மறுபடியும் அலறினார். துரை போய்ப் பார்த்து, இது வழக்கமான பச்சைதான், கூடு சுரண்டினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய தோட்டத்தில் ஒரு மரம்கூட வெட்டவில்லை. கூடு சுரண்ட ஆள் எடுத்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் சுப்பையாவும் நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். செத்த பூச்சி ஒன்று.

"இது என்னா கலரு தம்பி?"

"பச்சை, அண்ணே."

"கட்டையிலேருந்து வந்த அத்தனையும் இதான். வேலயத்துப் போயி உக்காந்து பாத்தேன். ஒன்னுகூட மஞ்ச இல்ல." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு முன்னயே ஏதும் தெரியுமா?"

"தெரியாது, அண்ணே" என்றேன்.

தீப்பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மரியம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பார்ஃபிட் துரை பதவி உயர்ந்து வேறு நாட்டுக்குப் போனார். நான் ஹெட் செட்டர் ஆனேன். பெண் மஞ்சள் பூச்சி எங்கள் ஆபீஸ் தட்டில், பெயர் வைக்க ஆதாரமான பூச்சிக்கு ஒட்டும் சிவப்புப் பட்டையோடு, பதினைந்து வருஷம் ராணி மாதிரி இருந்தது. வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் நானே திறந்து காட்டியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போதுதான் லண்டன் கடிதம் வந்தது. இறக்கை மடிப்பில் நூலளவு பச்சை மிச்சமிருப்பதை அங்கே ஒருவர் பார்த்துவிட்டார். இது தனி ஸ்பீஷீஸ் அல்ல, நிறம் வெளுத்த பழைய பச்சையே என்று எழுதியிருந்தார். இப்போதைய துரை இளைஞர், நல்ல மாதிரி. பழைய லேபிளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி வைக்கச் சொன்னார். எழுதினேன். ஊர் கிள்ளான். மரம் தென்னை. பிடித்தவர் என்ற இடத்தில் துரை பெயரை விட்டுவிட்டு சுப்பையா என்று எழுதினேன். அடியில், மிகச் சின்ன எழுத்தில், 'நிறம் மாறியது செட்டரின் தவறு, சவரிமுத்து' என்று எழுதினேன். துரை படித்துப் பார்த்துவிட்டு, யார் இந்த சவரிமுத்து என்று கேட்டார். ஆபீஸ் பதிவிலும் பார்ஃபிட் காலத்து ராமசாமி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற மறுவாரம் சுப்பையாவைத் தேடிப் போனேன். கிள்ளானில் இல்லை. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். சுப்பையா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பொன்னி மட்டும் இருந்தாள், கண் மங்கியிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகரப் பெட்டி, எஸ் சார், கூடு வளர்த்த மூன்று வாரம், கட்டு கட்டியது, தீப்பெட்டியைக் காட்டியபோது சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அன்னைக்கு ஒரு குருத்து குடுத்தேனே தம்பி, வீட்டுல ஆக்கித் தின்னீங்களா?"

"தின்னோம் அக்கா" என்றேன்.

"நல்லா இருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவள் பதிலுக்காக முகத்தைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தாள்.